வசைச் சொல்லுக்கு நம் மறுமொழி

(பங்கின் பொன்விழா நிறைவு நாள் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





பொன்விழா மேடையில் ஏறுகிறவர் கடந்த 50 ஆண்டுகளின் சாதனைகளை எண்ணிச் சொல்வது வழக்கம். ஓலைக் கொட்டகை ஓட்டுக் கட்டிடமான கதையையும், கோபுரம் எழும்பிய கதையையும், மணி வந்து சேர்ந்த கதையையும் நமக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். அவற்றைத் திரும்பச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் இந்தப் பொன்விழா ஆண்டில் நடந்த ஒரு காரியம் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. அது சாதனை அன்று. நம் எல்லோரையும் தலைகுனியச் செய்து, பிறகு மெல்லத் தலைநிமிரச் செய்த காரியம். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

சென்ற ஆண்டுத் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு உங்களுக்கு நினைவிருக்கும். நம் பாதுகாவலரின் சப்பரம் பேருந்து நிறுத்தம் அருகே வந்துகொண்டிருந்தது. செபமாலையின் நான்காம் காரணிக்கம் முடியும் நேரம். தேநீர்க் கடை வாசலில் நின்ற ஒருவர் உரத்த குரலில், வெள்ளைக்காரன் சாமியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றும், கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறின கூட்டம் என்றும், இன்னும் மேடையில் சொல்லக் கூடாத சில வார்த்தைகளையும் சொன்னார். நம் அன்னையின் பெயரையும் இழுத்துப் பேசினார். பாடல் நின்றது. சில கைகள் சப்பரத்தை விட்டு விலகின. பெரியவர்கள் குறுக்கே நின்று தடுத்ததால் அன்று விபரீதம் ஏதும் நேரவில்லை. கடையின் உரிமையாளரே வெளியே வந்து அந்த ஆளைக் கண்டித்து அனுப்பிவைத்தார்.

சப்பரம் கோயிலுக்குத் திரும்பியபின், இரவு பதினொரு மணிக்கு, இளைஞர்கள் முப்பது பேருக்கு மேல் பங்குமனை முற்றத்தில் கூடிவிட்டார்கள். நடந்ததைச் சிலர் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்கள். அதை ஊரெங்கும் பரப்ப வேண்டும் என்றார் ஒருவர். அந்தத் தேநீர்க் கடைக்கு இனி யாரும் போகக் கூடாது என்றார் மற்றொருவர். மறுநாள் சாலையை மறிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அப்போது நம் தம்பி ஒருவன், கோபத்தில் குரல் நடுங்க, இப்படிச் சொன்னான்: "நம்மளப் பாத்து எப்படிச் சாமி அவன் கோதுமைன்னு சொல்லலாம்? நாம பரம்பரைக் கிறிஸ்தவங்க. கோதுமைக்கு வந்தவங்க கீழத்தெருக்காரங்கதான!"

கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். ஆட்சேபிக்க ஒருவரும் இல்லை. முற்றத்து ஓரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கை அணைத்துக்கொண்டிருந்த நம் கோயில்பிள்ளை, கீழத்தெருவைச் சேர்ந்தவர், ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு சக்கிரீஸ்துக்குள் போய்விட்டார்.

அன்பர்களே, அவரும் அந்தத் தம்பியும் இதோ இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இருவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். ஆனால் சம்மதம் கேட்காமலே சொல்ல வேண்டிய ஒரு குற்றமும் உண்டு. அது நம்முடையது. அந்தச் சொல் நம் காதில் விழுந்தது. அது யாரைச் சுட்டது என்பதும் தெரிந்தது. இருந்தும், இப்போது இளைஞர்களை அமைதிப்படுத்துவதே முக்கியம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டும் கேளாதவர் போல இருந்துவிட்டோம். மேய்ப்பனுடைய மௌனம் மந்தைக்கு உத்தரவாகிவிடும் என்பதை அந்த இரவில் மறந்தோம்.

இரண்டு நாள் கழித்துக் கோயில்பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தோம். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "சாமி, டீக்கடை வாசல்ல கத்துனவன் நம்ம எல்லாரையும் சேத்து வஞ்சான். அந்த எல்லாருல நானும் ஒருத்தனா இருந்தேன். நம்ம தம்பி பேசுனப்பதான் நான் தனி ஆளாயிட்டேன்."

நாம் பல மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அன்று நாம் ஒரு மறையுரை கேட்டோம்.

வீடு திரும்பியபின், வசைச் சொல்லுக்கு ஒரு கிறிஸ்தவன் எப்படி மறுமொழி சொல்ல வேண்டும் என்ற கேள்வியோடு வேதாகமத்தையும் திருச்சபை வரலாற்றையும் மறுபடியும் எடுத்துப் புரட்டினோம். அங்கே கண்டதை இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, நாம் வசை கேட்பது இன்று நேற்றல்ல. கிறிஸ்தவன் என்ற பெயரே நாமாக வைத்துக்கொண்டதன்று. அந்தியோக்கியா நகரில் பிறர் நமக்கு இட்ட பெயர் அது. கேலியாக இட்டிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. உரோமை நகரில் பலத்தீன் குன்றில் 1857-ஆம் ஆண்டு பழைய கட்டிடம் ஒன்றைத் தோண்டியபோது, சுவரில் கீறிய சித்திரம் ஒன்று வெளிப்பட்டது. சிலுவையில் ஒரு மனிதன். அவனுக்குக் கழுதைத் தலை. கீழே நின்று ஓர் இளைஞன் கையுயர்த்தி வணங்குகிறான். அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று கிரேக்க மொழியில் கிறுக்கியிருக்கிறது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், ஓர் இளைஞனை அவனோடு இருந்தவர்களே கேலி செய்த படம் அது என்கிறார்கள். குருமடத்தில் திருச்சபை வரலாற்று வகுப்பில் இதை முதன்முதல் கேட்டபோது நாம் மாணவர்கள் எல்லோரும் கொதித்தோம். பேராசிரியர் எங்களைக் கையமர்த்தி, அடுத்த அறையின் சுவரில் கிடைத்த இன்னொரு கீறலைப் பற்றிச் சொன்னார். அதில் படம் இல்லை. அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்று மட்டும் இருக்கிறது. அதை எழுதியவர் யார் என்று அறிய வழியில்லை. அவனே எழுதியிருக்கலாம், நண்பன் ஒருவன் எழுதியிருக்கலாம். யார் எழுதினாலும், கேலிப்படத்துக்கு எதிராக இன்னொரு கேலிப்படம் அங்கே இல்லை.

அதே காலத்தில், 197-ஆம் ஆண்டளவில், ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதே கழுதைத் தலைக் கேலியைப் பற்றித் தம் நூலில் எழுதுகிறார். நகரில் அப்படி ஒரு படத்தைப் பெயர் எழுதித் தூக்கிக்கொண்டு அலைந்தார்களாம். அதைக் கண்டு நாங்கள் சிரித்தோம் என்று எழுதுகிறார் அவர். அவருக்கு முன்பே, 155-ஆம் ஆண்டளவில், புனித ஜஸ்டின் வேறொரு பழிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கிறிஸ்தவர்கள் இரகசியமாகக் கூடி மனித மாமிசம் தின்கிறார்கள் என்பது அந்தப் பழி. நற்கருணையைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் கட்டிய கதை. அவர் பேரரசன் அந்தோனினுஸ் பியுஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் ஞாயிறு தோறும் நாம் எங்கே கூடுகிறோம், எதை வாசிக்கிறோம், எப்படிச் செபிக்கிறோம், அப்பமும் இரசமும் என்ன, காணிக்கை யாருக்குப் போகிறது என்று ஒன்றுவிடாமல் திறந்து காட்டினார். விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் அந்தக் காணிக்கை போகிறது என்றார். ஆதித் திருச்சபையின் ஞாயிறு வழிபாட்டைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த வருணனைகளுள் ஒன்று, ஒரு பழிச்சொல்லுக்குச் சொன்ன மறுமொழியாக வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அறியாமையால் பேசுகிறவனுக்குக் கதவைத் திறந்து காட்டு. ஜஸ்டின் நமக்குக் கற்பிப்பது இதுவே. நாசரேத்திலிருந்து நல்லது ஏதும் வருமா என்று நத்தனயேல் ஏளனம் செய்தபோது பிலிப்பு வாதாடவில்லை, வந்து பார்க்கும்படி அழைத்தார். பார்த்தவர் சீடரானார்.

இரண்டாவது, நம் தமிழகத்து வரலாறு. 'வெள்ளைக்காரன் சாமி' என்ற வசையின் மூத்த அண்ணன் 'பரங்கி' என்ற சொல். போர்த்துக்கீசியருக்கு மக்கள் இட்ட பெயர் அது. மாட்டிறைச்சி உண்கிறவர், மது அருந்துகிறவர், ஆசாரம் அற்றவர் என்ற இகழ்ச்சி முழுவதும் அந்த ஒரே சொல்லில் அடங்கியிருந்தது. ஞானஸ்நானம் பெறுவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்றே மக்கள் எண்ணினார்கள். தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நோபிலி 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தபோது இந்தச் சொல்தான் அவருக்கு முன்னால் மதில் போல் நின்றது. அவர் காவி உடுத்தார், புலால் மறுத்தார், தமிழும் வடமொழியும் கற்றார், தாம் பரங்கி அல்லர், உரோமையில் உயர்குடியில் பிறந்த சந்நியாசி என்று அறிவித்தார். அதனால் மூடியிருந்த கதவுகள் பல திறந்தன. 1623-ஆம் ஆண்டு பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருடைய முறைக்கு இசைவளித்தார். இந்த மண்ணின் பண்பாட்டுக்குள் நற்செய்தி வேரூன்ற அவர் செய்த தொண்டுக்கு நாம் என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பரங்கி அல்லன் என்ற மறுமொழிக்கு ஒரு விலை இருந்தது. மதுரையில் அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குருவும், அவருடைய சிற்றாலயத்தில் முத்துக்குளித்துறையிலிருந்து வந்த எளிய பரதவ மக்களும் இருந்தார்கள். நோபிலி பரங்கி அல்லர் என்றால், பரங்கி என்ற பெயர் அவர்கள் மேல்தானே முழுவதுமாக இறங்கும்? தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று பண்டார சுவாமிகள் என்ற தனிக் குருக்கள் 1640-ஆம் ஆண்டு முதல் ஏற்பட வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தின் நெருக்கடியை இன்று மேடையில் நின்று தீர்ப்பிடுவது நமக்கு அழகன்று. ஆனால் பாடம் கற்காமல் விடுவதும் அழகன்று. நான் அவன் இல்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளும்போது, என்னிடமிருந்து நழுவிய வசை வேறொருவன் தோளில் போய் உட்காருகிறது. நம் பங்குமனை முற்றத்தில் நடந்தது அதுதான்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஆண்டவரின் மறுமொழி. யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில், எருசலேம் கோயிலில் எதிரிகள் அவர்மேல் இரண்டு வசைகளை ஒரே மூச்சில் வீசுகிறார்கள். அவர் ஒரு சமாரியர் என்பது ஒன்று, பேய் பிடித்தவர் என்பது மற்றொன்று. முதலாவது இனத்தைச் சொல்லி இகழ்ந்த வசை. யூதர் சமாரியரோடு புழங்காத காலம் அது. இரண்டாவது அவருடைய போதனையையே பழித்த வசை. ஆண்டவர் என்ன பதில் சொன்னார்? தம்மிடம் பேய் இல்லை என்றும், தாம் தந்தையை மதிப்பதாகவும் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார். சமாரியர் என்ற சொல்லுக்கு ஒரு மறுப்பும் இல்லை.

அதை மறுப்பது அவருக்கு எவ்வளவு எளிது! தாவீதின் குலம், யூதாவின் கோத்திரம், தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த வம்ச அட்டவணை எல்லாம் இருக்கின்றன. நான் சமாரியன் அல்லன் என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், சமாரியனாக இருப்பது இழிவு என்று அவரும் ஒப்புக்கொண்டதாகும். கிணற்றடியில் அவரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசிய அந்தப் பெண்ணின் முகம் என்னாகும்? இரண்டு நாள் அவரைத் தங்கவைத்து உபசரித்த சிக்கார் ஊர் மக்களின் முகம் என்னாகும்? பொய்யை மறுத்தார். இகழ்ச்சியை அப்படியே தம் மேல் தாங்கிக்கொண்டார். வேறு யார் மேலும் அதை இறக்கவில்லை.

இதே சமாரியர்கள் ஒருமுறை அவருக்குத் தங்க இடம் கொடுக்க மறுத்தார்கள் என்று லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கட்டுமா என்று கேட்டார்கள். அன்று இரவு பங்குமனை முற்றத்தில் கூடியவர்களைப் போலவே அவர்களும் நல்ல இளைஞர்கள், ஆண்டவர் மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டு வேறு ஊருக்கு நடந்தார். அடுத்த அதிகாரத்திலேயே ஓர் உவமை சொல்கிறார். அதில் காயம்பட்டவனைத் தூக்கி எடுத்துக் காப்பாற்றுகிறவன் யார்? ஒரு சமாரியன். இடம் மறுத்த இனத்தைத்தான் எக்காலத்துக்கும் அன்பின் அடையாளமாக ஆண்டவர் உயர்த்தி வைத்தார்.

அப்படியானால் அடித்தால் வாங்கிக்கொண்டு வாய்மூடி இருப்பதுதான் கிறிஸ்தவமா என்று இளைஞர்கள் கேட்கலாம். இல்லை. தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் ஆண்டவரைக் கன்னத்தில் அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. தாம் பேசியது தவறானால் தவறை எடுத்துக்காட்டும்படியும், சரியானால் ஏன் அடித்தான் என்றும் அவனை நேருக்கு நேர் கேட்டார். பிலிப்பி நகரில் பவுல் அடியாரை யூதர்கள் என்று இனம் சொல்லிக் குற்றம் சாட்டி, விசாரணையின்றிப் பிரம்பால் அடித்தார்கள். மறுநாள் இரகசியமாக விடுவிக்க முயன்றபோது அவர் வெளியேற மறுத்தார். தாங்கள் உரோமைக் குடிமக்கள் என்றும், அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துப் போக வேண்டும் என்றும் சொன்னார். அவர்கள் வந்தார்கள்.

நமக்கும் குடியுரிமை உண்டு. மத உணர்வுகளை வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு புண்படுத்துவது இந்நாட்டில் குற்றம். 1927-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 295-அ என்ற பிரிவாகச் சேர்க்கப்பட்டு, 2024 ஜூலை முதல் புதிய நியாயச் சட்டத்தில் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. ஆனால் குடித்துவிட்டு உளறியவனுக்கும், திட்டமிட்டுப் பகை மூட்டுகிறவனுக்கும் வேறுபாடு உண்டு என்பதைச் சட்டமே அறியும், நாமும் அறிய வேண்டும். முறையிட வேண்டிய நிலை வந்தால் நாள், நேரம், இடம், சாட்சிகள் ஆகியவற்றைக் குறித்து, பங்குப்பேரவை மூலம் எழுத்தில் முறையிடுவோம். கூட்டமாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். வசையைக் கைப்பேசியில் பரப்பவும் வேண்டாம். முப்பது பேர் கேட்ட வசையை மூவாயிரம் பேர் கேட்கச் செய்வது, வைதவனுக்கு நாம் செய்யும் உதவி. கடைக்குப் போகக் கூடாது என்ற யோசனையும் அப்படியே. வைதவன் ஒருவன், கடைக்காரர் வேறொருவர். ஆண்டுதோறும் நம் சப்பரத்துக்கு நீர்மோர்ப் பந்தல் வைக்கும் மனிதரை, வேறொருவன் வாய்க்காகத் தண்டிப்பது என்ன நீதி?

இங்கே ஒரு வேதனையையும் சொல்ல வேண்டும். சாதிப் பெயர் சொல்லிப் பொதுவிடத்தில் இகழ்கிறவரைத் தண்டிக்க 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் 1950-ஆம் ஆண்டு வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தார் என்ற தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956-ல் சீக்கியருக்கும், 1990-ல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவருக்கு விரியவில்லை. ஆகவே கீழத்தெருவில் வாழும் நம் சகோதரனைச் சாதி சொல்லி ஒருவன் வைதால், அந்தச் சட்டத்தின் நிழல் அவனுக்குக் கிட்டுவதில்லை. நாடு கேட்காத அந்த வலியை நாமாவது கேட்க வேண்டாமா? நாமே அந்த வலிக்குக் காரணமாகலாமா?

இப்போது கோதுமைக்கு வருவோம். உண்மையைப் பேசுவோம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 1954-ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய பொதுச் சட்டம் 480-ன்படி வந்த உபரிக் கோதுமையும் பால்பவுடரும் அந்த ஆண்டுகளில் கத்தோலிக்க உதவி நிறுவனங்கள் வழியாகப் பல பங்குகளுக்கு வந்தன. பள்ளிக்கூடங்களிலும் மருந்தகங்களிலும் வழங்கினார்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள். இன்று முன்வரிசையில் இருக்கும் பிற சமயப் பெரியவர் ஒருவர், அந்தப் பால்பவுடரின் ருசி இன்னும் தம் நாவில் இருக்கிறது என்று நம்மிடம் சொன்னார். அதனால் அவர் மதம் மாறவில்லை. கீழத்தெருக் குடும்பங்களின் பெயர்களோ, கோதுமைக் கப்பல் இந்தக் கரைக்கு வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, பழைய பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கின்றன. இந்தப் பொன்விழாவுக்காக ஏடுகளைப் புரட்டியபோது நம் கண்ணால் கண்டோம். அந்தத் தம்பியையும் பக்கத்தில் உட்கார்த்திக் காட்டினோம்.

ஆனால் பிரியமானவர்களே, வாதம் இதோடு முடிந்தால் போதாது. ஒருவேளை ஒருவன் பசியோடு வந்தான் என்றே வைத்துக்கொள்வோம். பசி ஓர் இழிவா? ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்தபோது, ஒரு சிறுவனின் கையிலிருந்தவை ஐந்து வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் சொல்கிறார். மறுநாள் அக்கூட்டம் அவரைத் தேடி வந்தபோது, அப்பம் உண்டதற்காகவே தேடுகிறீர்கள் என்பதை ஆண்டவர் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். அவர்களை விரட்டினாரா? இல்லை. அழியாத உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நற்கருணையைப் பற்றிய மாபெரும் போதனை, கோதுமைக்கு வந்த கூட்டத்துக்குச் சொன்ன போதனை. அந்த வசை நம்மைச் சுட்டால், சேர்த்தே சுடட்டும். கீழத்தெரு, மேலத்தெரு என்று பங்கிட்டுக்கொள்ள அது சொத்து அன்று.

கடைசியாக, நம் நாவையே சோதித்துப் பார்ப்போம். பிறர் நம்மைப் பரங்கி என்றார்கள். நாம் பிறரை என்ன சொன்னோம்? அஞ்ஞானிகள் என்றோம். நம் பழைய செபப் புத்தகங்களில் அந்தச் சொல் கூச்சமின்றி நடமாடியது. பிரிந்த சகோதரர்களைப் பதிதர் என்றோம். தமிழுக்கு அரும்பணி செய்த வீரமாமுனிவர் காலத்தில், தரங்கம்பாடியிலிருந்து அவர்கள் நம்மைத் தாக்கி எழுத, நாம் அவர்களைத் தாக்கி எழுத, தமிழ் உரைநடையின் தொடக்கக் காலமே அப்படி ஏசிக்கொண்டு கழிந்தது. பெரிய வெள்ளி வழிபாட்டில் யூத மக்களை நம்பிக்கைத் துரோகிகள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் குறித்து வந்தோம். 1959-ஆம் ஆண்டு பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் அதை நீக்கினார். 1965 அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இனம், நிறம், சமயம், வாழ்க்கை நிலை காரணமாக யாரையும் வேற்றுமைப்படுத்துவது கிறிஸ்துவின் மனத்துக்கு முரணானது என்று உலகறியச் சொன்னது. சொற்களை மாற்ற முடியும், திருச்சபையே மாற்றியிருக்கிறது.

நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார் என்பதும் அவர்மேல் எழுந்த சினத்துக்கு ஒரு காரணம். எருமைமேல் ஏற்றி, எருக்கம்பூ மாலையிட்டு, ஊர் ஊராக அவரை அவமானப்படுத்தினார்கள் என்பது மரபு. 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்திலே சாதிக்கொரு பக்கம் என்று தடுப்பு நின்றது. 1910-ஆம் ஆண்டளவில் குருக்கள் அதை அகற்றியபோது, தடுப்பு வேண்டும் என்று கத்தோலிக்கரே நீதிமன்றம் போனார்கள். உயர்நீதிமன்றம் அவர்கள் கேட்ட உரிமையை மறுத்தது. நமக்குச் சுவிசேஷம் சொல்லித்தர நீதிபதி தேவைப்பட்ட நாள் அது. சுவரை இடிப்பதற்குக் கடப்பாரை போதும். நாவிலே நிற்கும் சுவருக்கு மனமாற்றம் வேண்டும்.

நம் பங்குப்பேரவை இது குறித்து மூன்று முறை கூடியது. காரசாரமான விவாதம் நடந்தது. முடிவில் இரண்டு தீர்மானங்கள் எடுத்தோம். நம் வீடுகளிலும் மன்றங்களிலும் சாதியை வைத்தோ, சமயத்தை வைத்தோ யாரையும் இகழும் சொல்லை, விளையாட்டுக்கும் சொல்வதில்லை, கேட்டால் அந்த இடத்திலேயே தடுப்பது. இது ஒன்று. எட்டாம் நாள் சப்பரம் இதுவரை போகாத கீழத்தெரு வழியாகவும் போக வேண்டும். இது இரண்டு. இரண்டாவது தீர்மானத்தை ஏற்காமல் இரு உறுப்பினர்கள் எழுந்து போனார்கள். ஒருவர் மனம் திரும்பி வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை. பேரவையில் அவருடைய நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கிறோம். அவரையும் யாரும் வசை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடந்த வாரம் எட்டாம் நாள் இரவில் சப்பரம் கீழத்தெருவில் நுழைந்தது. முன்கம்பைத் தோளில் தாங்கியவன் அந்தத் தம்பி. விளக்குப் பிடித்து வழிகாட்டியவர் கோயில்பிள்ளை. அவர் மனைவி வீட்டு வாசலில் கோலமிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருந்தார். பிறகு சப்பரம் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தது. எப்போதும் போல நீர்மோர்ப் பந்தல் இருந்தது. சென்ற ஆண்டு சத்தமிட்டவர் அங்கே நின்றாரா என்று நாம் பார்க்கவில்லை. செபமாலையின் நான்காம் காரணிக்கம் இம்முறை நிற்காமல் ஐந்தாம் காரணிக்கத்துக்குப் போயிற்று.

நம்மிலுள்ள நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குப் பதில் சொல்ல எப்போதும் தயாராயிருங்கள், ஆனால் சாந்தத்தோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்னும் பொருள்பட இராயப்பர் தம் முதல் திருமுகத்தில் எழுதுகிறார். அடுத்த ஐம்பது ஆண்டுகளிலும் வசைகள் வரும். வரும்போது பொய்யை மறுப்போம், முறைப்படி நீதி கேட்போம், அறியாதவரை அழைத்து வந்து காட்டுவோம். ஆனால் நம்மேல் விழுந்த சொல்லைத் தட்டி நம் சகோதரன் மேல் தள்ளிவிடாதிருப்போம். சமாரியர் என்று இகழப்பட்டும் மறுக்காமல் நின்ற நம் ஆண்டவர், இந்தப் பங்கின் ஒவ்வொரு தெருவையும் ஒவ்வொரு நாவையும் ஆசீர்வதிப்பாராக. நம் பாதுகாவலரும் அன்னை மரியாளும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக.

ஆமென்.